முறைத்தண்ணீர்

வெண்ணாற்றில் தண்ணீர் வந்து மூன்றாம் நாள்,
கூத்தாநல்லூரில் ஜொஹரா வீட்டுக்குப் போனேன்,
தோளில் ஏணி, பையில் புதுப் பெட்டி இரண்டு.
மலாயாக் காசில் சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய வீடு.
சுவர் இரண்டடி கனம்.
திருடன் வந்தாலும் திணறுவான்;
வைஃபை ஒன்பது வருஷமாகத் திணறுகிறது.

"மாடியில மருமவன் மீட்டிங்ல உக்காந்தா
கீழ என் கடை செத்துப்போவுது தம்பி."
கடை என்றால் முன்னறை.
மூன்று பொம்மை, ஒரு வளைய விளக்கு, ஒரு செல்போன்.
சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நேரலை.
அபாயாவின் கைவேலையைத் தூக்கிக் காட்டும்போதுதான்
படம் உறையும்.
திறந்த வாயோடு ஜொஹரா நிற்பார்.
ஈப்போவில் வாங்க வந்தவள்
அதற்குள் அடுத்த கடைக்குப் போயிருப்பாள்.

பழைய பெட்டியைக் கழற்றினேன்.
உள்ளே இரண்டு பல்லிமுட்டை.
அதன்மேல் எனக்குக் கோபமில்லை.
முறை வைத்தே பழகிய பெட்டி அது:
ஒருவருக்குத் திறந்தால் மற்றவருக்கு மடை அடைப்பு.
மருமகன், டிவி, வாசல் கேமரா, கடை
நால்வரும் மண்வெட்டியோடு வரப்பில் நிற்க வேண்டும்.
நான் தில்லைவிளாகத்துக்காரன், கடைமடை.
முறைத்தண்ணீருக்கு நிற்பவன் முகம்
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

புதியது ஒரே நொடியை வகிர்ந்து
எல்லா வயலுக்கும் ஒன்றாக விடும்.
கேமராவுக்கு ஒரு விரல்கடை ஓடை,
நேரலைக்கு வாய்க்கால்.
ஜொஹரா கேட்டார்:
"எல்லாருக்கும் ஒரே நேரத்துல பாய்ஞ்சா,
மேட்டூர்ல அவ்வளவு கெடக்கா?"

நல்ல கேள்வி.
தெருக் கம்பியில் வருவதுதான் வரும்.
வருவதை வீட்டுக்குள் சிந்தாமல் பங்கிடும்,
அவ்வளவுதான், என்றேன்.
இன்னொன்றும் சொன்னேன், வியாபாரம் கெட்டாலும்:
வேகமான அலைக்குச் சுவர் ஆகாது.
பழசு முட்டிமோதி நுழையும்; இது முகம் திருப்பும்.
அதனால்தான் இரண்டு பெட்டி.
முற்றத்தில் ஒன்று, மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று,
ஒன்றை ஒன்று பார்த்தபடி.

மருமகன் பேசிக்கொண்டே படியிறங்கினான்.
வழக்கமாகக் குரல் அறுபடும் ஏழாம் படியில்
கால் தானாக நின்றது.
அறுபடவில்லை.
எட்டு. ஒன்பது.
அடுக்களை வரைக்கும் வந்துவிட்டான்.
காதில் சிங்கப்பூர் மேலாளர்;
கை, தட்டிலிருந்து ஒரு வாடாவை எடுத்தது.
"யூ ஆர் வெரி க்ளியர் டுடே" என்றார் மேலாளர்.
வாய் நிறைய வாடாவோடு
தலையை மட்டும் ஆட்டினான்.

கடைசியாக, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று
பட்டியலைத் திறந்து காட்டினேன்.
ஜொஹரா போன். மாடி லேப்டாப். டிவி.
வாசல் கேமரா. பில் மெஷின். மகள் டேப்.
ஏழாவதாக:
குஞ்சு டெய்லர்.

இருவரும் திரையைப் பார்த்தோம்.
பிறகு கொல்லைப்பக்க ஜன்னலைப் பார்த்தோம்.
அந்தப் பக்கச் சந்தில்
குஞ்சிதபாதத்தின் தையல் மெஷின்
கடகடத்துக்கொண்டிருந்தது.
என் விரல் 'தடைசெய்' மேல் நின்றது.

"அபாயாவுக்கெல்லாம் கைவேல தைக்கிறது யாருங்கறே?
டிசைன் படம் எப்புடி அவருக்குப் போவும்?
வடிகால் தண்ணிதானே, ஓடட்டும்."

ஓடட்டும். ஆனால் வரப்பு வேண்டும்.
வீட்டுக்குப் புதுப் பெயர், புதுக் கடவுச்சொல்.
விருந்தாளித் தடம் ஒன்று தனியே பிரித்து
பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும்
அதற்கே வைத்துவிட்டேன்.
பெட்டிகள் அணைந்து எழ இரண்டு நிமிடம்.

சந்தில் மெஷின் நின்றது.
"அக்கா, இன்னக்கி நெட்டு ஏன்..."
ஜன்னலுக்கு அப்பால் ஒரு குரல் கிளம்பி
பாதியில் இருமலாகிவிட்டது.

ஜொஹரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.
ஏழாவது வரி எரிந்தது.
மெஷின் மறுபடி ஓடியது,
கொஞ்சம் வேகமாகவே.